நாய் தின்ற கூடாரம்

தாராவியில் கூடாரம் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் வருவது ஜெயினுலாப்தீன் பெயர். இரண்டாவதாக ஒரு பெயர் வராது. குத்தூசி பிடித்த கைகளில் அந்தக் கைக்கு ஈடாக இன்னொன்று கொலாபாவிலிருந்து கல்யாண் வரை கிடையாது. இதை அவரே நாலு பேர் கூடிய இடத்தில் சொல்வார். அவர் வாயால் சொன்னார் என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

அப்படிப்பட்டவர் தைத்த கூடாரத்தை ஒரு நாள் நாய் தின்றது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். நாய் தின்றிருக்காவிட்டால் இந்தப் பெயரும் வந்திருக்காது.

மேலப்பாளையத்தில் மூன்றாம் வகுப்பு முடிய அவர் படித்தார். வாப்பா மௌத்தான வருஷம், பன்னிரண்டு வயதில் பம்பாய்க்கு ரயிலேறி, தாராவியில் காசிம் முதலாளியின் தோல் ஷாப்பில் சேர்ந்தார். ரோமம் வழிப்பதில் தொடங்கி, சுண்ணாம்புத் தொட்டி, பட்டைத் தொட்டி என்று ஒவ்வொரு தொட்டியிலும் வருஷக்கணக்கில் நின்று, கடைசியில் தோல் பை தைக்கும் மூலைக்கு வந்து சேர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண் பார்த்தது, கை செய்தது.

கூடாரமும் அப்படித்தான். குர்லாவில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் இடத்திலிருந்து கிழிந்த கூடாரம் ஒன்றைத் தூக்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று கரித்துண்டால் அடையாளம் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு அதையே திரும்பத் தைத்தார். பட்டாளத்துக்காரன் அங்குலத்துக்கு ஐந்து தையல் போட்டிருந்தான். இவர் எட்டு போட்டார்.

காசிம் முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார். "கூடாரமா? எவன்டே வாங்குவான்? சர்க்கஸ்காரன் சிங்கத்தைக் கூட்டிக்கிட்டு வருவானோ?"

"சிங்கம் வந்தாலும் கிழிக்க முடியாது மொதலாளி."

"சிங்கத்தை விடு. அந்த மூலையை மொதல்ல ஒழிச்சுப் போடு. தோல் அடுக்க எடமில்லாமக் கெடக்கு."

அந்த மூலைதான் ஜெயினுலாப்தீனுக்கு உறுத்தல். முப்பத்தேழு வயதாகியும் இன்னொருவர் மூலையில் உட்கார்ந்துதான் தைக்கிறார். தனக்கென்று ஒரு கொட்டகை, அதன் வாசலில் தன் பெயர் எழுதிய பலகை, இவ்வளவுதான் அவர் ஆசை. பலகையில் எழுதியிருப்பதை அவரால் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடியும். அதனாலென்ன, ஊர் வாசித்துக்கொள்ளும்.

வழி பூதத்தான் மூலமாக வந்தது. பூதத்தானுக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். டிராம்பேயில் அணுசக்தி ஆபீசில் ஃபிட்டர், செம்பூரில் குடியிருப்பு. அந்த ஆபீஸ்காரர்கள் சிலர் லீவு நாட்களில் மலை, கடற்கரை என்று நடந்துபோய்த் தங்கிவர ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்தின் செக்ரட்டரி மாட்டுங்கா பஞ்சாபகேசன். ஸ்டோர்ஸில் அதிகாரி. வருகிற சாமானில் குறை கண்டுபிடிப்பதே அவருக்கு உத்தியோகம்.

பூதத்தான் சொல்லக் கேட்டு ஒரு நாள் அவரே தாராவிக்கு வந்துவிட்டார், மூக்கில் கைக்குட்டையோடு. கூடாரத்தின் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டச் சொல்லி, உள்ளே குனிந்து பார்த்தார். சொட்டு விழவில்லை.

"தையல் பேஷா இருக்கு பாய். ஆனா மணல்லயும் காத்துலயும் நிக்கணும். குடியரசு தினத்துக்கு மூணு நாள் சேர்ந்தாப்ல கிடைக்கறது. அலிபாக் தாண்டி நாகாவ்லேர்ந்து காஷித் வரைக்கும் கடலோரமா நடக்கறதா பிளான். ரெண்டு கூடாரம் எடுத்துண்டு நீங்களும் வாங்கோ. நின்னுதுன்னா சங்கத்துக்குப் பன்னெண்டு கூடாரமும் உங்களண்டையே தைக்கணும்னு ரிப்போர்ட் எழுதறேன். நிக்கலேன்னா அதையும் எழுதுவேன்."

பன்னிரண்டு கூடாரம் தைக்க முதலாளியின் மூலை போதாது. கொட்டகை போட்டே ஆகவேண்டும். கொட்டகை வந்தால் பலகை வரும்.

மறுநாளே வேலை தொடங்கியது. தையல் நூலுக்குத் தேன்மெழுகு ஏற்றினார். முளையில் மாட்டும் மூலைகளுக்குத் தடித்த தோல் வைத்தார். இழுத்துக் கட்டும் கயிறுகளையும் அந்தத் தோல் மூலைகளையும், ஷாப்பில் எதற்கும் செய்வது போலவே, உருக்கிய மாட்டுக் கொழுப்பை உள்ளங்கையில் அள்ளிச் சூடு பறக்கத் தேய்த்தார். கொழுப்பு ஏறிய தோல் தண்ணீர் குடிக்காது. கயிறு இற்றுப்போகாது. இருபத்தைந்து வருஷம் அதிலேயே ஊறியவர் மூக்குக்கு அது ஒரு வாசனையாகவே தெரியாது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஜனவரி இருபத்தாறு வெள்ளிக்கிழமை. விடியுமுன் கிளம்பும்போது மனைவி சாயிரா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஜும்ஆவை விட்டுட்டுக் கடக்கரையில போயிப் படுக்கணுமாக்கும்?"

"பயணத்துல இருக்கவனுக்குச் சலுகை உண்டு சாயிரா."

"நம்ம கூரை மழைக்கு ஒழுகுது. அதுக்கு ஒரு தையல் போட நேரமில்ல. ஊரான் படுக்கக் கூடாரம்!"

"பலகை மாட்டுனதும் மொதக் கித்தான் நம்ம கூரைக்குத்தான். போதுமா?"

"பாக்கத்தானே போறேன்," என்று வழி விட்டாள். தூக்குவாளியில் அவள் கட்டியிருந்த புளிச்சோற்றை அவர் எடுத்துக்கொண்டார்.

பாவுச்சா தக்கா படகுத்துறையில் ஏழு பேர் சேர்ந்தார்கள். ரேவஸ் வரை லாஞ்சு, அங்கிருந்து அலிபாக் வழியாக நாகாவுக்கு பஸ். பஸ் ஜன்னலில் தென்னையும் பாக்கும் மாறி மாறி ஓடின. ஒரு திருப்பத்தில் கடலுக்கு நடுவே கோட்டை ஒன்று யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் ஜெயினுலாப்தீன் பார்த்த கடல் மாஹிம் கழிமுகத்தோடு சரி. அது கறுப்புத் தண்ணீர். இங்கே கடல் பச்சையாக, அலை உடையுமிடத்தில் கண்ணாடி போல இருந்தது.

"என்ன பாய், வாயைப் பொளந்துட்டீங்க?" என்றான் பூதத்தான்.

"ஏல, இந்தக் கடலுக்கு முன்னால நிக்கணும்னா கூடாரமும் அழகா இருக்கணும்லா. அதைத்தான் யோசிக்கேன்."

சவுக்குத் தோப்பு ஓரமாக, மணல் தொடங்கும் இடத்தில் இரண்டு கூடாரத்தையும் எழுப்பினார். வெறும் முளை மணலில் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். சாக்கில் மணல் நிரப்பிக் கயிறு கட்டிக் குழிக்குள் புதைத்தார். தாராவியில் மழைக்காற்றுக்குக் கூரையைப் பிடித்து நிறுத்துகிறவருக்கு இது ஒரு வேலையா? பஞ்சாபகேசன் கயிற்றைத் தட்டிப் பார்த்தார். வீணைக் கம்பி போல நின்றது.

"சபாஷ்," என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பஞ்சாபகேசன் பக்கத்துப் பாக்குத் தோட்டக் கிணற்றில் குளித்துவிட்டு வந்தார். நனைத்துப் பிழிந்த வேட்டியை உதறினார். யார் கையும் படாமல் காயவேண்டிய மடி வேட்டி. இங்குமங்கும் பார்த்துவிட்டு, நேராக வந்து கூடாரக் கயிற்றின் மேல் விரித்துப் போட்டார்.

ஜெயினுலாப்தீன் அப்போதுதான் கயிற்றைப் பார்த்தார். அந்தக் கயிற்றில் என்ன தேய்த்திருக்கிறது என்பது அதுவரை அவர் நினைப்பிலேயே இல்லை. மாட்டுக் கொழுப்பு. அதன்மேல் ஐயர் வேட்டி.

சொல்லிவிடலாம் என்று எழுந்தார். பன்னிரண்டு கூடாரம் கண்ணில் வந்து நின்றது. உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டபின் சொல்லலாம் என்று நினைத்தார். புளிச்சோற்றுத் தூக்குவாளியைத் திறந்து, அப்படியே மூடிவைத்தார். எல்லோரும் கடலில் இறங்கக் கிளம்பியபோது, காவலுக்கு இருந்திருக்க வேண்டியவர், அந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் தானும் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முதலில் பார்த்தவன் பூதத்தான்.

"ஏய்! ச்சூ! ஓடு!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

மீனவர் குடியிருப்பு நாய்கள், ஐந்தாறு. ஒரு கூடாரம் தரையோடு கிடந்தது. இன்னொன்று ஒரு காலில் நின்றது. தோல் மூலைகளில் மூன்று காணாமலே போயிருந்தன. ஒரு செவலை நாய் கயிற்றைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓட, கயிற்றோடு சுருண்டு பஞ்சாபகேசன் வேட்டியும் மணலில் புரண்டு போனது. நாலு பேர் துரத்தி அதை மீட்டார்கள்.

"மீன் வாசனைக்கு வந்திருக்கும்," என்றார் ஒருவர்.

"நாம மீனே கொண்டுவரலையே," என்றார் பஞ்சாபகேசன். கடிபட்ட கயிற்று நுனியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டோர்ஸ்காரர் கண்.

பூதத்தான் ஜெயினுலாப்தீன் முகத்தைப் பார்த்துவிட்டு இடையில் புகுந்தான். "இந்த ஊரு நாய்க்குக் கயித்தைக் கண்டா ஆகாது போலிருக்கு சார். நம்ம ஊர்லயும் இப்பிடி ஒரு நாய் உண்டு."

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கலாம். ஜெயினுலாப்தீன் குனிந்து, அறுந்த கயிறுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

சூரியன் கடலைத் தொடுகிற நேரம் பஞ்சாபகேசன் சந்தியாவந்தனத்துக்கு நின்றார், மேற்கே பார்த்து. சூரியன் மூழ்கியதும் பத்தடி தள்ளி ஜெயினுலாப்தீன் மஃரிபுக்கு நின்றார். அவருக்கும் மேற்குதான். நடுவில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பூதத்தான், "ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து நிக்கீங்க. நான் மட்டும் உலைத்தண்ணியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தொழுது முடித்து எழுந்த ஜெயினுலாப்தீன் நேரே போய் நின்றார்.

"சார். நீங்க வேட்டி காயப்போட்ட கயிறு இருக்குல்லா. அதுல நான் மாட்டுக் கொழுப்பு தேச்சிருக்கேன். தோல் மூலையிலயும். அதுக்குத்தான் நாய் வந்துச்சு."

பஞ்சாபகேசன் கயிற்றுப் பக்கம் திரும்பினார்.

"மாட்டுக் கொழுப்பா?"

"ஆமா சார். எங்க தொழில்ல எல்லாத்துக்கும் அதான். வேணும்னு செய்யல. நெனப்பே வரல."

"நான் வேஷ்டியைப் போடச்சே பாத்துண்டுதானே இருந்தேள்?"

"பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லலே?"

"ஆர்டர் போயிருமேன்னு பயந்துட்டேன்."

"இப்போ மட்டும் போகாதா?"

"போனாப் போவுது சார். நாய்க்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாம இருக்கலாமா?"

பூதத்தான் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். பஞ்சாபகேசன் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், தலை முழுகிவிட்டு வந்தார். வந்ததும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கொழுப்பு விஷயம் உங்களுக்குத் தெரியாமப் பண்ணினது. அதை விட்டுடலாம். மத்தியானத்திலேர்ந்து வாயை மூடிண்டு இருந்தேளே, அதுதான் எனக்கு ஜீரணமாகலே. நான் சவுக்கு அடியிலே படுத்துக்கறேன். நாளன்னிக்கு சாயங்காலம் ரிப்போர்ட்டை எழுதியாகணும். அதுக்குள்ளே என்ன பண்ணுவேளோ பண்ணுங்கோ."

விடிந்ததும் ஜெயினுலாப்தீன் கால் போன போக்கில் கடலோரம் நடந்தார். படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்தை நெருங்கும்போது ஒரு வாசனை வந்தது. மூக்கு நின்றது, பிறகு கால் நின்றது. பட்டை வேகிற வாசனை. தோல் ஷாப் தொட்டியில் ஏழு வருஷம் முழங்கால் நனைய நின்ற அதே துவர்ப்பு வாசனை.

ஒரு பெரிய அண்டாவில் மரப்பட்டை கொதித்துக்கொண்டிருந்தது. பாண்டு என்ற மீனவர் அதில் நூல் வலையை முக்கி முக்கி எடுத்தார். வலை செம்பழுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் வலை அழுகாமல் இருக்க அவர்கள் பட்டை ஏற்றுகிறார்கள். தோல் அழுகாமல் இருக்க இவர் ஏற்றியதும் அதேதான்.

"அரே, யே தோ ஹமாரா காம் ஹை!" இது நம்ம வேலையாச்சே என்று கத்தியேவிட்டார்.

பாண்டு சிரித்தார். படகின் அடிப்பலகைக்கு ஏதோ எண்ணெய் பூசியிருந்தது. கரும்பச்சையாக, கசந்த வாசனையோடு. என்ன எண்ணெய் என்று கேட்டதற்கு "உண்டீ" என்று கடற்கரை மரத்தைக் காட்டினார். பளபளக்கும் இலை, உருண்டைக் காய். ஜெயினுலாப்தீன் காயைக் கையில் எடுத்து உடைத்தார். புன்னை! சொந்த ஊர்ப் பக்கம் உவரியில் படகுக்குப் பூசுவதும் இந்தப் புன்னைக்காய் எண்ணெய்தான். இதை நாயும் நக்காது, பூச்சியும் தொடாது.

பாண்டுவின் பாய்மரத் துணி இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. ஜெயினுலாப்தீன் அதைக் காட்டினார், தன் குத்தூசியைக் காட்டினார். பிறகு அண்டாவைக் காட்டினார். பேச்சு முடிந்தது.

அன்று சனிக்கிழமை முழுக்க அவர் உட்காரவில்லை. கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்துச் சாம்பல் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தார். கொழுப்பு நுரையாகக் கக்கியது. அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி சாம்பல், மறுபடி கொதி. மூன்றாவது தண்ணீரில் நுரை நின்றது. பிறகு பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, பாண்டு தந்த புன்னை எண்ணெயில், படகுக்கு அவர் வைத்திருந்த குங்கிலியத்தைக் காய்ச்சிக் கலந்து ஏற்றினார். கடிபட்ட இடங்களைப் புரி பிரித்துப் பின்னிச் சேர்த்தார். மிச்சமிருந்த தோல் மூலைகளை அறுத்து எறிந்தார். கூடாரம் வைத்துக் கட்டும் பையை வெட்டி, நாலு மடிப்புக் கித்தானை மூலையாக வைத்துத் தைத்தார். நடுவே பாண்டுவின் பாய்மரத் துணியும் தைத்துக் கொடுத்தார். அங்குலத்துக்கு எட்டு, அதில் குறைக்கவில்லை.

காஷித் போகும் திட்டம் நின்றுபோனது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பூதத்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு கடலில் கிடந்தான். நடுநடுவே வந்து, "பாய், அண்டாவுல கொஞ்சம் வெங்காயம் நறுக்கிப் போடவா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பஞ்சாபகேசன் கிட்டே வரவில்லை. ஆனால் சவுக்கு நிழலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், மத்தியானம் வரை பக்கத்தைத் திருப்பியதாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை நடை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னை, ஈரமணலில் ஏழு பேர் காலடி. நண்டுகள் வழி விட்டு வழி விட்டு வளைக்குள் ஓடின. மதியத்துக்கு முன், காஷித்துக்குப் பாதி வழியில் இருக்கும் ரேவ்தண்டா வந்துவிட்டது. இரவு அங்கே தங்கி, திங்கள் விடியலில் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. இடிந்த பழைய கோட்டை மதிலுக்குக் கீழே, கறுத்த மணலில் ஜெயினுலாப்தீன் கூடாரங்களை எழுப்பினார். கயிறுகள் செம்பழுப்பில் மின்னின. காற்று பலமாகத்தான் இருந்தது. கித்தான் விம்மியது, மூலை அசையவில்லை.

சாயங்காலத்துக்குள் நாய்களும் வந்துவிட்டன. மூன்று. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முன்னால் வந்த கறுப்பு நாய் கயிற்றண்டை போய் முகர்ந்தது. இன்னொரு தரம் முகர்ந்தது. பிறகு பலமாக ஒரு தும்மல் போட்டது. தலையை உதறிக்கொண்டு, மற்ற இரண்டையும் கூட்டிக்கொண்டு மதில் பக்கம் போய்விட்டது.

"பாஸ்!" என்று கத்தினான் பூதத்தான். "நாய் பாஸ் மார்க் போட்டுட்டுப் போவுது!"

ஜெயினுலாப்தீன் சிரிக்கவில்லை. பஞ்சாபகேசன் குளிக்கப் போயிருந்தார். அவருடைய பரீட்சைதான் பாக்கி.

அவர் வந்தார். பிழிந்த வேட்டி தோளில் இருந்தது. காயப்போட இடம் தேடினார். பின்னால் கோட்டை மதில் இருந்தது, வெயில்பட்ட சுத்தமான கல். அதைப் பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார். கயிற்றண்டை குனிந்து முகர்ந்தார், அந்த நாயைப் போலவே.

"இதிலே என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்கோ."

"மரப்பட்டை, புன்னைக்காய் எண்ணெய், குங்கிலியம். நூல்ல தேன்மெழுகு. வேற ஒண்ணுமில்ல சார்."

"வேற ஒண்ணுமில்லியே?"

"அல்லா மேல ஆணையா இல்ல."

பஞ்சாபகேசன் வேட்டியை இரண்டு தரம் உதறினார். கயிற்றின் மேல் போட்டு, நுனியைச் சரிசெய்து விரித்துவிட்டார். பிறகு கூடாரத்துக்குள் குனிந்து போய், படுக்கையை விரித்து, உள்ளே இருந்தபடியே சொன்னார். "பாய், பன்னெண்டும் இதே கயிறோடதான் வேணும். பேனா எங்கே வச்சேன்னு தெரியலே. யாராவது பாருங்கோ."

ஜெயினுலாப்தீன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று பூதத்தானிடம் சொன்னார். பூதத்தான் நம்பிய மாதிரி காட்டிக்கொண்டான்.

மார்ச்சில் கொட்டகை வந்தது, ஷாப்புக்கு மூன்று சந்து தள்ளி. பலகை எழுத வந்த பெயிண்டரிடம், "எழுத்து பெருசா இருக்கட்டும், நானே வாசிக்கணும்," என்றார். சொன்ன சொல்லுக்கு முதல் கித்தானை வீட்டுக் கூரைக்குத்தான் தைத்தார். அந்த வருஷம் மழை கொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி, சாயிரா காலை நீட்டிக் காய்ந்த தரையில் படுத்திருந்தாள். பஞ்சாபகேசன் மட்டும் இரண்டு தரம் பூதத்தானிடம் புகார் சொல்லி அனுப்பினார். வேட்டியில் விழுந்த பழுப்புக் கோடு எந்த சோப்புக்கும் போகவில்லையாம். ஆனால் அடுத்த நடைக்கும் அதே வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு போனார் என்று பூதத்தான் சொன்னான்.

ஒரு நாள் காசிம் முதலாளியே கொட்டகைக்கு வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். உள்ளே அடுக்கியிருந்த கூடாரங்களைப் பார்த்தார்.

"என்னடே, கடைசியில சிங்கம் வந்துட்டுதா?"

ஜெயினுலாப்தீன் முதலாளிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சிங்கம் வரல மொதலாளி. நாய்தான் வந்துச்சு. உக்காருங்க, சொல்லுதேன்."